ஜாக்கி மேல் நின்ற ஒட்டகம்

அந்த வேனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தது பெரியவள்தான். பெயர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ரிமோட்டை அமுக்கினால் வண்டி உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு இடது பக்கமாகத் தாழ்ந்து, தரையைத் தொடுகிற மாதிரி உட்காரும். அப்புறம் கதவு திறந்து உள்ளிருந்து ஒரு சாய்தளம் நீண்டு வரும். சக்கர நாற்காலியை அதன் மேல் தள்ளி ஏற்றிவிட்டு மறுபடி அமுக்கினால், தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளைப் போல முனகிக்கொண்டே எழுந்து நிற்கும். சக்கரங்களுக்கு மேலே இரும்புச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் பை வைத்த வண்டி அது. பையில் காற்று ஏறினால் எழும், இறங்கினால் மண்டி போடும். "இனி ஒரு பாலைவனம்தான் பாக்கி" என்று பெரியவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஓட்டுவது சின்னவள். சின்னவள் என்றதும் யாரும் பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுப் போட்டுக் கையெல்லாம் முறுக்கேறிப் போனவள். அவளுக்கு அக்கா பெரியவள். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் பெரியவளின் கால்களை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு குரலைக் கொடுத்துவிட்டுப் போனதாக வீட்டில் சொல்வார்கள். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அந்தக் குரல்தான். மழை கொட்டினாலும் கூட்டம் அடித்துக்கொண்டாலும் அதன் நிதானம் மாறாது. ஊரே அதைக் கேட்டுத்தான் ஓடுகிறது, ஆளைப் பார்த்தவர்கள் குறைவு.

வண்டி வாங்கிய புதிதில் ஒரு நாள் சின்னவளின் கால் கட்டைவிரல் மேல் ஒட்டகம் உட்கார்ந்துவிட்டது. நகத்தோடு போயிற்று. அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். சின்னவள் குனிந்து அடியில் யார் காலும் கையும் இல்லை என்று பார்த்துவிட்டு, வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். அதைக் கேட்ட பிறகுதான் பெரியவள், கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கும் ரிமோட்டை அமுக்குவாள். வாயால் சொல்வதெல்லாம் கிடையாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாத நாட்களிலும் இந்த இரண்டு தட்டுக்கு மட்டும் தடை இருந்ததில்லை.

அன்று காலை ஒட்டகம் போய்க்கொண்டிருந்தது கல்யாணத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு. கல்யாணம் பெரியவளுக்கு.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவி காலமாகிப் பல வருஷமாகத் தனி ஆள். பெரியவளுக்குப் படிக்கிற கண்ணாடி செய்து கொடுத்தவர், அது காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் சறுக்குகிறதா என்று பார்க்க வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். ஒரு கண்ணாடியை எத்தனை தடவைதான் வளைப்பார் ஒரு மனுஷன் என்று சின்னவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெரியவள் விஷயத்தைச் சொன்னபோது அவள் "சரி" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு ஓடி ஓடி எல்லா வேலையும் செய்தாள், புதுத் துணி எடுத்தாள், தன்னிடம் இருந்த ஒரே நல்ல தோட்டை அக்கா காதில் மாட்டிவிட்டாள். ஆனால் எனக்கு சந்தோஷம் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. மாப்பிள்ளையை "சார்" என்றே கூப்பிட்டாள்.

"சாரா? நான் என்ன ஆபீசரையா கட்டிக்கப் போறேன்? அக்கா வீட்டுக்காரரை மாமான்னுதானேடி கூப்பிடுவாங்க" என்று பெரியவள் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். சின்னவள் காதில் விழாத மாதிரி, சுத்தமாக இருந்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கல் நெஞ்சுக்காரி இல்லை அவள். பயந்து போயிருந்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு ராத்திரியிலிருந்து அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில். இவள் இங்கே, யாரும் குறை சொல்லாத சமையலை யாருமில்லாமல் சாப்பிட வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த நாற்காலியைத் தள்ளியவள். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையில் வந்தபோது பின்பக்கம் தட்தட்டென்று சத்தம் கேட்டது. பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்துக்குள் மெல்ல வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். சமமான சிமெண்டுத் தரை. இறங்கிப் போய்ப் பார்த்தாள். வலது பின்சக்கரம் சப்பையாகக் கிடந்தது. நடுவில் ஓர் ஆணியின் தலை பளபளத்தது.

மாற்றத் தெரியாதவள் இல்லை. வண்டி வாங்கியபோதே மெக்கானிக் ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். வாய் ஓயாத மனுஷன். "மத்த வண்டியைத் தூக்கி நிறுத்தினா சும்மா நிக்கும்மா. இது சும்மா நிக்காது. ஒரு பக்கம் ஒசந்துட்டா, என்னடா கோணலா நிக்கிறோமேன்னு தானாவே காத்தை ஏத்தி இறக்கி நிமிரப் பாக்கும். நீங்க பாட்டுக்கு சக்கரத்தைக் கழட்டிட்டு இருப்பீங்க, அது பாட்டுக்கு ஜாக்கியிலேருந்து சரிஞ்சிடும். அதனால தூக்கறதுக்கு முன்னாடி இதைத் தூங்க வச்சிடணும்." ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டனை, மஞ்சள் விளக்கு எரியும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். எரிந்துவிட்டால் காற்றுப் பைகள் இருந்தது இருந்தபடி பூட்டிக்கொள்ளும். அப்புறம் யார் என்ன செய்தாலும் ஒட்டகம் அசையாது. அதற்குப் பிறகு சலவைக்கூடத்து வாசலில் அவள் தனி ஆளாகவே சக்கரம் மாற்றியிருக்கிறாள்.

ஆனால் அலுவலகம் மத்தியானத்தோடு மூடிவிடும். விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சப்பைச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் நெஞ்சுக்குள் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, ஆணி செய்தது என்று நினைத்துக்கொண்டாள்.

"பஞ்சரா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் பெரியவள்.

"ம்."

"மாத்திடலாமா?"

"இங்க மாத்த முடியாதுக்கா." சின்னவள் ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காத்து சஸ்பென்ஷன் இது. சாதாரண வண்டி மாதிரி ஜாக்கி போட்டா சரிஞ்சிடும். இழுத்துட்டுப் போற வண்டிதான் வரணும். அது வந்து சேர மத்தியானம் ஆயிடும்."

"சரி, விடு" என்றாள் பெரியவள். "இன்னைக்கு இல்லைன்னா இன்னொரு நாள். உசுரா போகுது." பேருந்து வரத் தாமதமாகும் என்று சொல்லும் அதே குரல், அதே நிதானம். "அவர்கிட்ட நானே சொல்லிடறேன். நீ வெயில்ல நிக்காதே."

சொல்லிவிட்டு அவள் போனை எடுக்கவில்லை. தோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். நகை போட்டுப் பழக்கமில்லாத விரல்கள், திருகாணி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு காது முடிந்து இன்னொரு காது. இரண்டையும் கைக்குட்டையில் வைத்து மடித்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தா, பத்திரமா உள்ள வை. எங்கேயாவது விழுந்து தொலைஞ்சா உனக்கு வேற ஏது."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒரு பாட்டம் அழுதிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள். இப்படி மடித்து நீட்டினால் என்ன செய்வது? வாங்கக் கை வரவில்லை.

"எதுக்குக் கழட்டினே?" என்றாள் சின்னவள். "போட்டுக்க. நான் மாத்தறேன்."

"முடியாதுன்னியே."

"முடியும்னு இப்பதான் ஞாபகம் வந்துது."

பெரியவள் கைக்குட்டையைப் பிரித்தாள். தோடுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். ஜாக்கி வைத்த வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆகவே முதலில் அவளை இறக்க வேண்டும். சின்னவள் குனிந்து பார்த்து இரண்டு தட்டு தட்ட, ஒட்டகம் மண்டி போட்டது. நாற்காலியை இறக்கி, வண்டியை மறுபடி எழுப்பிவிட்டு, வலது பக்கம் பின்சக்கரத்திலிருந்து எட்டத் தள்ளி, கிடங்குச் சுவரின் நிழலில் அக்காவை நிறுத்தினாள்.

பெரியவள் போனைக் காதில் வைத்து, தொழில் குரலில், "பயணிகளின் கவனத்திற்கு. மணப்பெண் வரவேண்டிய வண்டி சற்றுத் தாமதமாக வந்து சேரும்" என்றாள். அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் சிரித்தது சின்னவளுக்கே கேட்டது. அவர் எப்போதுமே கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர்.

"பஞ்சர்தானே? நான் இங்கயே நிக்கறேன், எங்கேயும் போயிட மாட்டேன்" என்றார். "தங்கச்சியை அவசரப்படுத்தாதீங்க. அவங்களை நிதானமாச் செய்யச் சொல்லுங்க. கை பத்திரம்."

சின்னவளுக்கு முகம் சுட்டது. இந்த மனுஷனையா இவ்வளவு நேரம் வாசலில் காக்க வைத்து ஏமாற்றப் பார்த்தோம் என்று இருந்தது. ஸ்டெப்னியை உருட்டி வந்து போட்டாள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தினாள். வண்டியின் விளிம்பில் ஜாக்கிக்கென்று அடையாளம் போட்டிருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு நேர் கீழே ஜாக்கியை வைத்து, கைப்பிடியைப் பிடித்தாள். அவசரம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய வெட்கம் ஒரு பக்கம்.

"மஞ்ச விளக்கு எரியலை" என்றாள் பெரியவள்.

சின்னவளின் கை நின்றுவிட்டது. திறந்து கிடந்த டிரைவர் கதவு வழியாகப் பார்த்தாள். எரியவில்லைதான். பட்டனையே அமுக்கவில்லை. அப்புறம்தான் இன்னொரு விஷயம் மெல்ல வந்து தைத்தது. அக்காவுக்கு மஞ்சள் விளக்கைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மெக்கானிக் சொல்லிக் குடுத்தப்ப நான் எங்க இருந்தேன்? உன் பக்கத்துலதானே. அந்த ஆளு சொன்னதையே சொல்லிட்டு இருந்தாரு. நாற்காலிக்கே மனப்பாடம் ஆயிருக்கும்."

"அப்ப, முடியாதுன்னு நான் சொன்னப்பவே..."

"தெரியும்."

"ஏன்க்கா கேக்கலை?"

பெரியவள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். "என்னன்னு கேக்கறது? உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலேருந்தே வராது. நீயே வாய் கூசாம ஒண்ணு சொல்றேன்னா, உள்ள எவ்வளவு வலிச்சிருக்கும்னு நினைச்சேன். உன்னை அப்படி நிக்க வச்சிட்டு நான் போய் சந்தோஷமா கையெழுத்துப் போடணுமா? எனக்கு வேண்டாம்னு தோணிச்சு. அதான் தோட்டைக் கழட்டினேன்."

சின்னவள் ஜாக்கியை விட்டுவிட்டுச் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மசிக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கோடு கோடாக ஆக்கிக்கொண்டாள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கலைக்கா."

"தெரியும்டி."

"நீ சிரிச்சிட்டு இருக்கறது பிடிச்சிருக்கு. அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறப்ப நீ பாக்கறியே, அது பிடிச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா உள்ள கிடந்து அடிச்சுக்குது. என்ன பண்றதுன்னு தெரியலை."

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள் பெரியவள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது, குரல் மட்டும் பிடிவாதமாக நிதானத்தில் நின்றது. "மொதல்ல எழுந்து போய் அந்தப் பட்டனை அமுக்கு."

சின்னவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. எழுந்து போய்ப் பட்டனை அமுக்கிப் பிடித்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. "எரியுதா?" என்றாள். "எரியுது" என்றாள் அக்கா. அதற்கப்புறம் வேலை அதன் போக்கில் நடந்தது. ஜாக்கி ஏற ஏற அந்த மூலை உயர்ந்தது, சக்கரம் தரையை விட்டு எழும்பித் தொங்கியது. கழற்றிய சக்கரத்தை, ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி அதன் மேல் உட்காரட்டும் என்று விளிம்புக்கு அடியில் படுக்க வைத்தாள். அதுவும் மெக்கானிக் சொன்னதுதான். பிறகு ஸ்டெப்னியைப் பாதத்தால் நெம்பித் தூக்கி, ஒரு கையைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டு அணைத்துப் பிடித்து, அதன் துளைகளை போல்ட்டுகளுக்கு நேராகக் காட்டினாள். முரண்டு பிடித்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். சட்டென்று உள்ளே போய்ச் சேர்ந்தது.

சக்கரம் உட்கார்ந்த சந்தோஷத்தில், வெளியே இருந்த கையால் வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

எட்டு வருஷப் பழக்கம். பெரியவளின் கட்டைவிரல் யாரையும் கேட்கவில்லை. அமுக்கிவிட்டது.

வண்டிக்குள் பீப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒட்டகம் அசையவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவளின் இன்னொரு கை இன்னும் சக்கரத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

"கை" என்றாள் பெரியவள். மழையிலும் கூட்டத்திலும் ஆடாத அந்தக் குரல் உடைந்து சிதறியது. "கையை எடு. கையை எடுடி. ஐயோ, என் கையாலயே..."

"எடுத்துட்டேன்க்கா. பாரு, எடுத்துட்டேன். ஒண்ணும் ஆகலை."

"போயிருக்கும்டி. அந்த விளக்கு எரியலைன்னா போயிருக்கும்."

"நீதானே எரிய வச்சே" என்றாள் சின்னவள். ஓடிப் போய் நாற்காலியின் முன்னால் முட்டி போட்டு, அக்காவின் மடியில் அந்தக் கையை வைத்தாள். பெரியவள் புதுத் துணியில் மசி ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. இருந்தும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு வருத்தப்பட்டியே" என்றாள் சின்னவள், மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "கூடவே இருந்திருந்தா என்னைக்காவது ஒரு நாள் நசுக்கியே இருப்பே போல."

பெரியவள் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

நட்டுகளைக் கையால் மாட்டி, அடியில் கிடந்த சக்கரத்தை வெளியே இழுத்துவிட்டு, ஜாக்கியை இறக்கி, எதிரெதிர் நட்டாக இறுக்கி முடித்தாள் சின்னவள். ஜாக்கியையும் பழைய சக்கரத்தையும் எடுத்து, கட்டைகளையும் பொறுக்கிப் போட்ட பிறகு, பட்டனை மறுபடி அமுக்கினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. ஒட்டகம் விழித்துக்கொண்டு, கோணலை உணர்ந்து, மெல்ல நிமிர்ந்து தன் உயரத்துக்கு வந்து நின்றது.

அலுவலகத்தின் படிக்கட்டு ஓரத்தில் கண்ணாடிக்காரர் சொன்னபடியே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றுவதும் சட்டை நுனியில் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். மூட இன்னும் நேரம் இருந்தது. வேனைப் பார்த்ததும் பாதி ஓட்டமாக வந்தார். சின்னவளின் முகத்தில் இருந்த மசிக் கோடுகளைப் பார்த்தவர், "கை ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆகலை" என்றாள் அவள்.

கதவுக்கு நேரே வந்து நின்று, வழக்கம்போல் குனியப் போனாள். பாதியில் நிமிர்ந்துவிட்டாள். அவருக்கு இடம் விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"குனிஞ்சு பாருங்க. அடியில யார் காலாவது கையாவது இருக்கா?"

அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் சொன்னபடி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இல்லை."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். யாரும் இல்லை."

"அப்ப உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுங்க. அது கேட்டாத்தான் அக்கா அமுக்குவா. இனிமே நீங்கதான் தட்டணும்."

கடையின் கண்ணாடி அலமாரியைத் தொடுகிறவரைப் போல அவர் ஒரு தட்டு தட்டினார். தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரியவள் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தாள். கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னொண்ணு தட்டுங்க, மாமா" என்றாள்.